மான் தீவுக்கு ஒரு கித்தான்

மனித நாகரிகத்தின் உச்சி எது என்று என்னைக் கேட்டால், வீட்டில் நல்ல கட்டில் இருக்க, வேலை மெனக்கெட்டு வெளியே போய்த் தரையில் படுப்பதுதான் என்பேன். லாபிஸ் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டம் 1934ஆம் ஆண்டு இந்த உச்சியைத் தொட்டது. ஆதாரம் என்னிடம் இருக்கிறது. நான்தான் செயலாளர்.

எல்லாம் எங்கள் துரையால் வந்தது. விடுப்பில் சீமைக்குப் போகவிருந்த அவர், ஆபீஸ் படி இறங்கும்போது அங்கே மான் என்ற தீவில் ஜூன் மாதம் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார். ஊர்ச் சாலையையே மறித்து மலை மேலும் கீழும் ஓட்டுவார்களாம். பார்க்க வருகிறவர்கள் புல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். "நீங்களும் ஒருதரம் வந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வேறு யாராக இருந்தாலும் இதை மரியாதைப் பேச்சு என்று விட்டிருப்பார்கள். ஆபீசின் தலைமைக் கணக்கரான எங்கள் பெரிய கிராணி மரியநாதன், துரை தும்மினாலும் தேதி போட்டு எழுதிக்கொள்பவர். 'சிப்பந்திகள் மான் தீவு சென்று பந்தயம் பார்க்கவும்' என்று உத்தரவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அன்று மாலையே 'அயல்நாட்டுக் கூடாரப் பயணக் குழு' உதயமாயிற்று. தலைவர் அவர். சுகாதார ஆலோசகர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் லூயிஸ்; எங்களுக்கு அவரே டாக்டர். சின்னக் கிராணியாகிய நான் செயலாளர். வெறும் உறுப்பினர் என்று யாரும் இல்லை.

மூவரில் ஒருவரும் மோட்டார் சைக்கிளில் ஏறியதில்லை. அந்தக் குறையை ஏழு கூட்டங்கள் நடத்தி ஈடு செய்தோம்.

"ஜூன்லயே அங்க குளிருமாம். ஆளுக்கு மூணு கம்பளி எழுதிக்க" என்றார் தலைவர். "அப்புறம், அங்க அட்டை இருக்குமா டாக்டர்?"

லூயிஸ் கண்ணை மூடி யோசித்தார். "இருக்கும். ஆனா வெள்ளைக்கார ஊர் அட்டை லா. கேட்டுட்டுத்தான் கடிக்கும்."

இது ஒருமனதாகக் குறிப்பேட்டில் ஏறியது.

பழக்கமில்லாமல் கூடாரத்தில் தங்க முடியாது, ஒத்திகை வேண்டும் என்று எட்டாவது கூட்டம் முடிவு செய்தது. ஒத்திகைக்குக் கூடாரம் வேண்டும். கூடாரத்துக்குக் கித்தான் வேண்டும். நல்லவேளையாக ஸ்டோரில் புதுக் கித்தான் ஒன்று இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எட்டாம் வீட்டின் அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகுகிறது என்று அதன் மேல் போடுவதற்காக வந்தது. அந்த வீட்டில் இருப்பவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வெள்ளையம்மா. விஷயம் தெரிந்து ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"பெரிய கிராணி ஐயா, அந்தக் கித்தான் எங்க கூரைக்குன்னு சொன்னாங்க. மக ராசம்மாவுக்கு மாசம் நெறஞ்சிருச்சுங்க. புள்ள பெக்க நனையாத ஒரு மூலை இல்ல."

"கொஞ்சம் பொறுத்துக்க. இது தொரை உத்தரவு. கித்தான் சீமைக்குப் போவுது."

"சீமையில யாரு வீட்டுக் கூரைங்க ஒழுகுது?"

இக்கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் தலைவர் அனுமதிக்கவில்லை.

டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பந்துத் திடலில் கூடாரம் எழுந்தது. மூன்று கம்பளி, ஒரு ஸ்டவ், பைபிள், குறிப்பேடு சகிதம் உள்ளே புகுந்தோம். மூன்று ஐந்துக்கு மழை பிடித்தது. டிசம்பரில் லாபிஸில் மழை பெய்யும் என்பதைக் குழு எதிர்பார்க்கவில்லை. மேலே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, அருமையான கித்தான். ஆனால் தண்ணீர் கீழ்வழியாக வந்தது. கம்பளி ஊறியது. தலைவரின் கணுக்காலில் கேட்காமல் கடிக்கும் ரக அட்டை ஒன்று ஏறியது.

"அலமாக், இதுல மனுசன் இருப்பானா?" என்று மலாய் கலந்து அலறியபடி முதலில் ஓடியவர் சுகாதார ஆலோசகர். நான்கு மணிக்கு நாங்கள் பெரிய கிராணி வீட்டில் சூடாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை நான் ஆபீசில் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தபோது வெள்ளையம்மா வந்து நின்றார். தோட்டத்தில் பிறப்பு இறப்புகளைப் பதிவேட்டில் எழுதுவதும் என் வேலைதான்.

"பேரன் பொறந்திருக்கான். எழுதிக்குங்க ஐயா. நேத்து சாயங்காலம், மழையில."

"எத்தனை மணிக்கு?"

"நீங்க தெடல்ல இருந்து ஓடுனீங்களே, அப்பதான். மருத்துவச்சி ஒரு கையில கொடையப் புடிச்சுக்கிட்டு, ஒரு கையால புள்ளைய எடுத்தா." மேசையை எட்டிப் பார்த்தார். "அது என்னங்க எழுதுறீங்க?"

எனக்கு என் நடையின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. படித்துக் காட்டினேன்: "'ஈரத்திலும் சேற்றிலும் மனிதர் எவரும் நாற்பது நிமிடத்துக்கு மேல் வசிக்க இயலாது என்று இக்குழு நேரில் கண்டு தீர்மானிக்கிறது.'"

வெள்ளையம்மா அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார்.

"நான் அந்த லயத்துல பதினோரு வருசமா இருக்கேன். அப்ப என் பேரனை என்னன்னு எழுதுவீங்க ஐயா?"

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் செயலாளர் கடமை தவறக்கூடாது. பதிவேட்டில் 'ஆண்' என்று எழுதினேன். தீர்மானத்தில் 'மனிதர்' என்ற சொல்லை அடித்துவிட்டுக் 'கிராணிமார்' என்று திருத்தினேன். இப்போது அதில் ஒரு பொய்யும் இல்லை. கித்தானை நன்றாகக் காயவைத்து, மடித்து, ஸ்டோரில் வைத்துப் பூட்டினோம். சாவி என்னிடம்தான் இருக்கிறது.