அஸ்காவும் வெல்லமும் தாய்மாமனும்

"கடை பூரா சக்கரை வெச்சிக்கினு, வூட்டுக்கு ஒரு ஐசிங் சுகர் பாக்கெட் இல்லன்னு சொல்றீங்களே" என்றாள் ஷர்புன்னிசா.

கள்ளக்குறிச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் உமர் பாரூக் தலையைச் சொறிந்தார். கடைசிப் பாக்கெட்டைக் காலையில்தான் யாருக்கோ விற்றிருந்தார்.

மகள் நௌஷீனைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் ஏற்கெனவே பிடித்துவிட்டது. பாக்கி இருந்தது பையனின் தாய்மாமா சுபைர் ஒருவர்தான். பேக்கரி முதலாளி. கேசரியில் முந்திரி கம்மி என்று ஒரு சம்பந்தத்தை முறித்தவர். பாயசத்தில் தித்திப்பு ஜாஸ்தி என்று இன்னொன்றை. அவர் நாக்குக்குப் பயந்து மாவட்டத்தில் பாதிப் பேர் பெண் பிள்ளை பெறுவதையே நிறுத்திவிட்டதாகப் பேச்சு. இந்த முறை, வீட்டில் செய்த கேக் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அம்மா செஞ்ச கேக் பஞ்சு மாதிரி வந்திருக்கு, அத்தா. மேல பூசறதுக்கு மட்டுந்தான் சக்கரை வேணும்" என்றாள் நௌஷீன்.

"ஐசிங் சுகர்னா இன்னா? பொடிச்ச அஸ்கா, நம்ம வெள்ளைச் சக்கரைதான். மிக்சி எதுக்கு இருக்குது?" என்றார் உமர் பாரூக்.

மிக்சி அலறியது. சமையலறை வெண்புகையில் மறைந்தது. பொடியில் "கொஞ்சூண்டு" பால் என்று அரை சொம்பைக் கவிழ்த்தார். கோமுகி அணையில் மதகு திறந்தது போல அது கேக்கின் நாலு பக்கமும் வழிந்தது. மேசைக்கு அடியில் படுத்திருந்த கறுப்புப் பூனை வெள்ளைப் பூனையாக எழுந்து போனது.

"கெட்டியாவறதுக்கு நாட்டுச் சக்கரை போடறேன். கச்சிராயபாளையம் சரக்கு."

"அதுல ஈரம் ஜாஸ்திங்க. இன்னும் இளகும்."

"சக்கரைய பத்தி எனக்கே சொல்றியா?"

இளகியது. நிறமும் மழை பெய்த வெள்ளிமலை ரோடு போல ஆனது.

நௌஷீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத பாத்தா மாமா இங்கயும் வேணான்னுடுவாரு, அத்தா."

"அழாதம்மா. வெல்லப் பாகு காச்சி மேல ஊத்திட்டா எல்லாம் மறைஞ்சிடும்."

"தண்ணியில ஒரு சொட்டு வுட்டுப் பாருங்க" என்றாள் ஷர்புன்னிசா. "உருட்ட வந்தா அதிரசப் பதம், உடனே இறக்கிடுங்க. தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் கேட்டுச்சின்னா அது கமர்கட்டு."

அந்த நேரம் பார்த்து துவரம் பருப்பு விலை கேட்டு போன் வந்தது. பேசிவிட்டு வந்து ஒரு சொட்டைத் தட்டில் போட்டார்.

டங்.

வாசலில் கார் நின்றது. வேறு வழியில்லாமல் அப்படியே ஊற்றினார்.

வார்னிஷ் அடித்த டீப்பாய் போலப் பளபளத்துக்கொண்டு கேக் கூடத்துக்கு வந்தது.

"இன்னா ஐட்டம் பாய் இது?" என்றார் சுபைர்.

"புது மாடலுங்க."

பாகு இன்னும் முழுசாக இறுகவில்லை. பேக்கரிக்காரர் அல்லவா, பெரிய துண்டாகவே வெட்டி வாயில் போட்டார். ஒரு கடி கடித்தார். அடுத்த கடிக்கு வாய் திறக்கவில்லை.

"ம்ம்... ம்ம்ம்."

கண்கள் பிதுங்கின. கை கேக்கைக் காட்டியது, உமர் பாரூக்கைக் காட்டியது, பிறகு வாசலைக் காட்டியது. நௌஷீன் கதவுக்குப் பின்னால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஷர்புன்னிசா வெந்நீர் டம்ளரோடு ஓடி வந்தாள்.

அதுவரை அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டு மட்டுமே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா ருக்ஷானா, டம்ளரைக் கைநீட்டி வாங்கினார். நாற்காலிக்கு அடியில் பத்திரமாக வைத்தார். உமர் பாரூக் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"சம்பந்தி, தேதிய இப்பவே குறிச்சிடுங்க, பாகு கரையறதுக்குள்ள."