பாண் ஆட்டோவும் முடிவுத் திகதியும்

பேக்கரிப் பாண் விற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாணோடு சேர்த்து வெளிநாட்டுப் படிப்பையும் கூவி விற்ற ஆள் ஹட்டன் பக்கத்தில் மட்டுமல்ல, இந்த இலங்கை முழுவதிலும் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவும் இல்லை. எங்களுக்கு அவர் ‘முடிவுத் திகதி’.

மற்றப் பாண் ஆட்டோக்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். இவர் ஆட்டோவில் பாட்டுக் கிடையாது. ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேட்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்து கத்திக்கொண்டே இறங்குவார்.

“பாண், பனிஸ், சீனிச் சம்பல் பனிஸ். கட்டுரைப் போட்டி, வயசு பதினெட்டுலருந்து இருபத்தஞ்சு. பனிஸ் சூடா இருக்கு. கொரியாவுல தலைமைத்துவப் பயிற்சி, முடிவுத் திகதி வெள்ளிக்கெழம.”

எது தின்கிற சாமான், எது படிக்கிற சாமான் என்று பிரித்தறிய எங்களுக்குச் சில மாதம் ஆயிற்று. அடுத்த வீட்டு முனியம்மா ஒருநாள் தட்டோடு ஓடிப்போய், “அந்தத் தலைமைத்துவத்துல ரெண்டு குடுங்க” என்று கேட்டாள்.

“அதுக்கு ஏ லெவல் பாஸ் பண்ணியிருக்கணும் மயினி. பனிசுக்கு ஒண்ணும் தேவையில்ல” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இந்தச் செய்தியெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், பாண் சுற்றுகிற பேப்பரிலிருந்து. டவுனில் பழைய பேப்பர் கட்டு வாங்குவார். சுற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் விளம்பரம் விளம்பரமாக வாசிப்பார். அப்படி வாசித்துச் சொன்னதை நம்பி, கீழ் லயத்துப் பையன்கள் இரண்டு பேர் டை கட்டிக்கொண்டு விவாதப் போட்டிக்குக் கண்டிக்குப் போனார்கள். அந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை.

கடைசியில் புவனாதான் கண்டுபிடித்தாள். புவனா என் தம்பி மகள். அவள் தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள் போனவள்தான். கொழுந்து எடுத்து அந்தப் பிள்ளையை வளர்த்தது நான்.

“மாமா, இது போன வருசத்துப் பேப்பர்.”

“மாசம் சரிதானே?”

“மாசம் சரி. வருசம் இல்ல.”

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ அடுத்த வருசமும் வைப்பாங்க. நாம முன்னாடியே ரெடியா இருக்கோம்” என்றார்.

அவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால், அதற்கும் ஒரு கதை உண்டு. இளவயதில் ஏதோ பேச்சுப் போட்டியில் தெரிவானாராம். கொழும்புக்கு வரச்சொல்லி வந்த கடிதம் தோட்டத்து ஆபீசில் தூங்கிக் கிடந்து, நாள் போன பிறகு கைக்கு வந்ததாம். லயத்துக்கு நம்பரும் இல்லை, வீட்டுக்கு விலாசமும் இல்லை, எங்கள் கடிதமெல்லாம் அந்த ஆபீஸ் மேசைக்குத்தானே போகும். இதை அவர் சொல்லும்போது பாண் வெட்டுகிற கத்தி மட்டும் கொஞ்சம் வேகமாகப் போகும்.

பிறகு அவர் போன் வாங்கினார். திகதிகளுக்கு உயிர் வந்தது. அந்த நேரம்தான் புவனாவின் ஏ லெவல் பரீட்சை முடிவும் வந்தது. பாஸ் பண்ணினாள், ஆனால் கெம்பஸில் இடம் கிடைக்கப் புள்ளி போதாது. கொழும்பில் ஒரு புடவைக் கடை முதலாளியிடம் என் தம்பி வாக்குக் கொடுத்துவிட்டான். தைப்பொங்கல் முடிந்தால் ரயிலேற வேண்டியதுதான். எங்கள் பிள்ளைகள் எவ்வளவு படித்தாலும் அந்த ரயில் காத்துக்கொண்டுதான் நிற்கும்.

முடிவுத் திகதி ஒருநாள் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு புலமைப்பரிசில். ஒரு வருஷம் கணக்கியல் படிப்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. வாழ்க்கையைப் பற்றி ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பினால் போதும்.

“போன வருசம் ஜெயிச்சவங்க வீடியோவெல்லாம் பாத்துட்டேன்கா. அழுதவங்கதான் ஜெயிச்சிருக்காங்க. அதுலயும் கூடையோட அழுதவங்க மொதலிடம்.”

அடுத்த ஞாயிறு பாண் விற்கவில்லை. படம் பிடிக்க வந்துவிட்டார்.

“அக்கா, நீங்க வாசல்ல ஒக்காந்து சும்மா அழுதாப் போதும்.”

“எதுக்கு?”

“கஷ்டத்துக்கு.”

“கஷ்டப்பட்டப்பவே அழல. இப்போ ஒங்க போனுக்காக அழணுமா?”

உள்ளே போய், தீபாவளிக்கு எடுத்த சிவப்புச் சேலையைக் கட்டி, மூக்குத்தியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இப்பிடி ஒக்காந்தா பரிசு நீங்கதான் குடுக்கணும்.”

என்னைக் கைவிட்டுப் புவனாவிடம் போனார். யாரிடமோ இரவல் வாங்கிய கொழுந்துக் கூடையின் கயிற்றை அவள் தோளில் மாட்டினார். எனக்குச் சுருக்கென்றது. கூடைக் கயிறு தலையில் கிடக்கும். அது அழுத்தி அழுத்தி என் உச்சியில் முடி முளைக்காத பட்டை ஒன்று இன்னும் இருக்கிறது.

“தம்பி, அது பள்ளிக்கூட பேக் இல்ல.”

“கொழும்புல பாக்குறவங்களுக்கு அதெல்லாம் தெரியுமாக்கா?”

அடுத்து, ஒழுகுகிற கூரை வேண்டுமாம். வருஷம் முழுக்க மழை கொட்டுகிற இந்த ஊரில் அன்றைக்கென்று வெயில். மனுஷன் வாளித் தண்ணீரோடு முனியம்மா வீட்டுத் தகரத்தில் ஏறினார். அது அவள் மாமியார் காலத்துத் தகரம். சத்தம் கேட்டது, ஆளைக் காணோம். உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த முனியம்மா, அடுப்புக்கு மேலே இரண்டு கால் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள்.

“யாரு காலு இது?”

“மயினி, நான்தான். மொதல்ல அடுப்ப அணைங்க” என்று கூரையிலிருந்து குரல் வந்தது.

புவனா சிரித்த சிரிப்பில் அழுகிற திட்டம் அத்தோடு போயிற்று. கூடையைக் கழற்றி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். “மாமா, இப்போ எடுங்க” என்றாள்.

“என் பேரு புவனேஸ்வரி. எனக்குக் கணக்கு நல்லா வரும். எங்க அத்த என்னயப் படிக்க வச்சாங்க. என்னயப் பாத்துப் பாவப்பட வேணாம். படிக்க ஒரு எடம் குடுங்க, போதும்.”

அவர் போனைக் கீழே இறக்கினார். சிராய்த்த முழங்காலைத் தடவிக்கொண்டே, “நல்லாத்தான் பேசுனம்மா. இது தோத்துப் போகும்” என்றார். ஆனாலும் சிக்னல் கிடைக்கிற மேட்டு ரோட்டுக்கு நொண்டிக்கொண்டே போய், அதைத்தான் அனுப்பினார்.

முடிவு வந்த அன்று பாண் ஆட்டோ சத்தமில்லாமல் வந்து நின்றது. போனை எங்களிடம் நீட்டினார். தெரிவானது கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையாம். தாத்தா காலத்தில் தோட்டத்து ஆட்களாம். இரண்டு நாள் ஒரு லயத்தில் வந்து தங்கி வீடியோ எடுத்ததாம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். படம் பார்க்க எழுத்துத் தேவையில்லை. பிள்ளையின் கன்னத்தில் கண்ணீர். முதுகில் கூடை. கயிறு தோளில்.

அப்படி மாட்டிக்கொண்டு ஒரு நாள் கொழுந்து எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், அந்தப் பிள்ளையை அல்ல, அதற்குப் பரிசு கொடுத்தவர்களை.

‘நான் அன்னைக்கே சொன்னேன்ல’ என்று அவர் சொல்வார், ஒரு கை பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவரோ கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு பனிஸ் எடுத்துப் புவனா கையில் வைத்தார். அவள் அழாமல் நின்றபடியே தின்று முடித்தாள்.

பொங்கல் கழிந்து அவளை ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதும் அந்த ஆட்டோதான். பனிஸ் வாசனையோடு ரயிலேறினாள். இன்றைக்கு அவள் கணக்கு, சேலையை முழம் போடுவதில் போகிறது.

அதற்குப் பிறகு முடிவுத் திகதி வாயைத் திறக்கவில்லை. மணியை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்து போனார். “கோயில் பூசாரி மாதிரி வாராரு, பாண் வந்ததே தெரிய மாட்டேங்குது” என்று முனியம்மா புலம்பினாள். ஒருநாள் நானே ரோட்டில் இறங்கி ஆட்டோவை மறித்தேன்.

“என்ன தம்பி, நாட்டுல போட்டியெல்லாம் தீந்து போச்சா?”

“யாருக்குக்கா சொல்றது?”

“எனக்குச் சொல்லுங்க. நான் ராவைக்குப் போன்ல அவளுக்குச் சொல்றேன்.”

மைக்கை எடுத்துச் சட்டையில் துடைத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். “கணக்கியல் பயிற்சி, வயசு முப்பது வரைக்கும்” என்றார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். “புவனாவுக்கு இன்னும் காலம் இருக்குக்கா.”

இப்போது எங்கள் வாசலுக்கு வந்தால் ஆட்டோ தானாகவே மெதுவாகும். நான் சீனி வியாதிக்காரி. பாணைத் தொடவே கூடாது என்று ஹட்டன் டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் அரை ராத்தல் வாங்குகிறேன். என் கோழிகள் நன்றாகக் கொழுத்துப் போயிருக்கின்றன.