வலது காறை எலும்பு

அன்று மந்தைவெளி வீட்டில் இருந்தவர்கள்: என் நண்பன் சேகர், அவன் தங்கை மாலதி, அவர்களுடைய அம்மா, நான். ஐந்தாவதாக ஒரு சாட்சி இல்லாதது என் அதிர்ஷ்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மாலதி பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். காறை எலும்பின் நீளமும் வளைவும் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்பது அவளுடைய புராஜெக்ட். (கழுத்துக்குக் கீழே, சட்டை ஹேங்கர் மாதிரி இரண்டு பக்கமும் ஓடுமே, அதுதான் காறை எலும்பு.) அளக்க ஆள் வேண்டும் என்றாள். ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு, மயிலாப்பூரில் ஒரு கொலு பொம்மைக் கடையில் வேலை பார்த்தவன் நான். படிப்பு விஷயமாக என்னை ஒருவர் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை. தவிர, அவள் என்னை 'பாலு அண்ணா' என்பாள். அந்த அண்ணாவை எப்படியாவது உதிர்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கவலை என் பிறவிக் குணம். (பஸ் டிக்கெட் தொலைந்துவிடுமோ என்று இறங்கும்வரை வாயில் கவ்விக்கொண்டு போகிறவன்.) ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போவார்களாம், எலும்புக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டினியாகவே போனேன். வேர்வை நாறக்கூடாதே என்று கழுத்து முதல் மார்புவரை அரை டப்பா பவுடர்.

மாலதி எலும்பின் முனையில் பேனாவால் புள்ளி வைத்தாள். பவுடரில் நிற்கவில்லை.

“இன்னா மச்சி, கேரம் போர்டு மாதிரி கொட்டிக்கினு வந்துகீறே?” என்றான் சேகர்.

அம்மா ஈரத்துண்டு கொடுத்தார். “தம்பி ஏன் இப்படி நடுங்குது? காப்பி போடட்டுமா?”

“அளந்து முடிச்சப்புறம்மா” என்றேன்.

அளக்கும் கருவியான காலிப்பர் சில்லென்று பட்டது. முதலில் இடது பக்கம். பிறகு வலது. மாலதி புருவத்தைச் சுருக்கினாள்.

“அண்ணா, உங்களுக்கு வலது பக்கம் குட்டையா இருக்கே!”

மேற்கொண்டு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஒரு பக்கம் தேய ஆரம்பித்துவிட்டது. தீபாவளி தாண்ட மாட்டேன். வீட்டுக்கு யார் சொல்வது? கண் இருண்டது. ஸ்டூலிலிருந்து சாய்ந்தேன், வலது தோள்தான் முதலில் தரையைத் தொட்டது. படக்கென்று ஒரு சத்தம்.

“பாலு! பாலு! முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும், பாலு!”

எலும்பு உடைந்தது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. 'அண்ணா' அதற்கு முன்பே உடைந்துவிட்டிருந்தது.

ஆட்டோவில் கேட்டாள்: “ஏன் சாப்பிடாம வந்தே?”

“எலும்பு அளக்கறதாச்சே...”

“சாப்ட்டா எலும்பு நீண்டுடுமா?” என்று சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

கட்டுப் பிரித்த பிறகு, கைக்குப் பயிற்சி கொடுக்கத் தினமும் வந்தாள். ஒருநாள் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னேன்: “எனக்குப் படிப்பு கிடையாது மாலதி. பயந்த சுபாவம் வேற.”

“உங்க கடையில பொம்மை உடைஞ்சா என்ன சொல்வீங்க?”

“உடைச்சவங்கதான் எடுத்துக்கணும்னு சொல்வோம்.”

“அப்புறம் என்ன?”

எலும்பு கூடிய இடத்தில் இன்னும் ஒரு சின்ன மேடு இருக்கிறது. எங்கள் மகள் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பேன். மாலதி வந்து அந்த மேட்டில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்துவாள். உட்கார்ந்துவிடுவேன்.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. போன வாரம் சமையலறையில் கண்ணாடி டம்ளர் உடைந்த சத்தம். பின்னாலேயே அவள் குரல்:

“அம்மா, இதையும் நான் கல்யாணம் பண்ணிக்கணுமா?”