பெர்த்துக்குப் போன தீபாவளிப் பெட்டி

மகளுக்குப் போகிற தீபாவளிப் பெட்டியில் ஒரு எள்ளுகூட விதியை மீறிப் போகக் கூடாது என்று மகேஸ்வரன் முடிவு செய்துவிட்டார்.

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய பாசிர் கூடாங் ரசாயன ஆலையில் முப்பது வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். விதி என்றால் அவருக்குச் சாமி மாதிரி. அந்தச் சாமியைக் கும்பிடாத ஒரே ஆள் மகள் லோஷினி. கையிலிருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியா, பெர்த்துக்குப் போகிறேன் என்றாள். "போனா இந்த அப்பன்கிட்ட பேசாதே" என்றார். போய்விட்டாள்.

ஒன்றரை வருடமாக அவரும் பேசவில்லை. அவள் போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஆள்தான் வாசலில் நிற்பார், காது உள்ளேயே இருக்கும்.

அப்படிப்பட்டவர்தான் அந்த நாட்டுக்கு என்னென்ன அனுப்பக் கூடாது என்ற பட்டியலை அச்செடுத்து, நான்கு முறை படித்து, சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். மனைவி பிரேமலா பார்த்தாள். பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பால்கோவா?"

"பாலு. எடு வெளியே."

"நெய் உருண்டை?"

"நெய்யும் பால்லேர்ந்துதானே வருது? எடு."

"மாவிலைத் தோரணம்?"

"பச்சை இலையா? அலமாக்! பெட்டியையே கொளுத்திடுவாங்க."

"முறுக்குக்கு என்னங்க வந்துச்சு?"

"எள்ளு இருக்கு. எள்ளு விதை."

"எண்ணெயில பொரிச்ச எள்ளு எங்கங்க முளைக்கும்?"

"விதைன்னா விதைதான். விதி அப்படி."

"என் விதி இப்படி" என்றாள் பிரேமலா.

கடைசியில் பெட்டியில் மிஞ்சியது ஒரு சேலை. நல்ல நாளுக்குப் பிள்ளைக்கு வெறும் துணிதானா என்று அவருக்கே பட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

பிரேமலா போனை எடுத்தாள். "அனுப்புறவங்க முகத்தையும் பாஸ்போர்ட்டையும் இதுல பதிவு பண்ணணுமாம்."

மகேஸ்வரனுக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை கூடியது. தலை வாரி, சட்டை மாற்றி, கண் இமைக்காமல் உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

"சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பினா சீக்கிரம் போகுமாம். வெள்ளிக்கிழமை போலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வாடகைக் கார் போய் நின்ற இடம் சாங்கி விமான நிலையம். மகேஸ்வரன் பெட்டியை மார்போடு அணைத்தபடி பார்சல் அனுப்பும் இடத்தைத் தேடினார். அதற்குள் டிரைவர் பின்னாலிருந்து இரண்டு சூட்கேஸ்களை இறக்கினார். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு போர்டிங் பாஸை நீட்டினாள். ஒன்றில் அவர் பெயர்.

"என் மூஞ்சிய வச்சு என்னடி பண்ணின?"

"விசா வாங்கினேன்."

"யாரைக் கேட்டு? நான் வர மாட்டேன்."

"பட்டியல நாலு தடவ படிச்சீங்களே. அப்பாவை அனுப்பக் கூடாதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"

மகேஸ்வரன் நிஜமாகவே யோசித்தார். பால் இருந்தது, விதை இருந்தது, இலை இருந்தது. அப்பா இல்லை. விதியில் இல்லாததைத் தடுக்க அவருக்கு வழி தெரியவில்லை. பெட்டியோடு மனைவியின் பின்னால் நடந்தார்.

விமானத்தில் ஐந்து மணி நேரமும் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தார்: 'உங்கம்மாவுக்குத் துணைக்குத்தான் வந்தேன்.'

பெர்த்தில் வெளியே வந்ததும் லோஷினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள். மனப்பாடம் மறந்துபோயிற்று. அவள் தலையில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திடீர்னு வந்து நிக்கிறோம். உனக்குச் சிரமமா இருக்கும்லம்மா" என்றார்.

"என்ன திடீர்? ஜூன் மாசமே அம்மா டிக்கெட் போட்டாச்சு. உங்க தாமான்ல அக்கம்பக்கத்து வீடு எல்லாருக்கும் தெரியும்ப்பா, உங்களுக்கு மட்டும்தான் சொல்லல."