பாதித் தட்டு

தட்டு மறுபடியும் பாதியோடு திரும்பி வந்திருந்தது.

சமையலறை மேடையில் இருந்த சின்னத் தராசில் அதை வைத்துப் பார்த்த மகன், தலையில் கையை வைத்துக்கொண்டான். "சரியாப் பாதி! நேத்தும் பாதி, இன்னைக்கும் பாதி!"

அவனுக்கு வேலை லாரி எடைமேடையில். சரக்கோடு வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஓர் எடை, கழித்தால் சரக்கு. அந்தக் கணக்கைத்தான் இப்போது அப்பாவின் தட்டுக்கும் போட்டுக்கொண்டிருந்தான். அப்பாவுக்குப் புற்றுநோய். இனிமேல் குணமாகாது, வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலியை, வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் பார்த்துக்கொண்டார். மகன் கையில் மிச்சமிருந்தது சாப்பாடு ஒன்றுதான். அதைச் சரியாகச் செய்துவிட்டால் அப்பா இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் என்று அவன் நம்பினான். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடிக்கொண்டிருந்தான்.

"நீங்க வந்து சாப்பிடுங்க. உங்க தட்டு ஆறிப்போகுது," என்றாள் மனைவி.

"இருக்கிற இருப்பில எனக்குச் சாப்பாடு ஒண்ணுதான் கேடு! மூடி வை."

சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடியே அப்பா மீதி வைத்த உருளைக்கிழங்கு மசியலை வழித்து வாயில் போட்டுக்கொண்டான். வெண்ணெய் போட்டுப் பிசைந்தது, கொட்ட மனசு வருமா? அப்படி நின்றால் அடுத்த அறையில் அப்பாவின் கட்டிலும் தெரியும். கட்டிலை அதற்காகவே திருப்பிப் போட்டிருந்தான்.

"எவ்வளவு போட்டாலும் பாதிதானே சாப்பிடறார்? டபுளாப் போட்டா அந்தப் பாதியே முழுசாயிடும் இல்ல?"

மனைவி அவன் தட்டை மூடி வைத்தாள். இந்த மாதிரிக் கணக்குகளுக்கு அவள் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

டபுள் தட்டைப் பார்த்த அப்பா, மகனையும் ஒரு பார்வை பார்த்தார். "இது யாருக்குடா? லாரிக்கா? பார்த்ததுமே வயிறு ரொம்பிடுச்சு."

முன்னைவிட அதிகமாகவே மீதி வந்தது. நின்றபடியே அதையும் தீர்த்தான்.

அடுத்து, சின்னத் தட்டு. கொஞ்சமாக இருந்தாலும் சத்து இருக்கட்டும் என்று முட்டை, பால் பவுடர், வெண்ணெய் எல்லாவற்றையும் உள்ளே ஒளித்துவைத்தான். பாதி வந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தான். ஒவ்வொன்றிலும் பாதி வந்தது.

"மாமா கண்ணை மூடினாலே தட்டோட போய் எழுப்பறீங்க. அவர் தூங்க வேண்டாமா?" என்றாள் மனைவி.

அப்பா தட்டைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. அந்தக் காலத்தில் தையல்காரர். மகன் தட்டோடு வரும்போதெல்லாம் அவர் கண் அவன் இடுப்புக்கே போயிற்று.

"பேன்ட்டைத் தூக்கி விடுடா, நழுவுது."

"நான் சாப்பாட்டைப் பத்திப் பேசறேன், நீங்க பேன்ட்டைப் பத்திப் பேசறீங்களே!"

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே பேச முடியும்."

கடைசியில் மகன் ஸ்பூனைக் கையில் எடுத்தான்.

"ஆ காட்டுங்க."

"வேணாம்டா."

"ஒரே ஒரு வாய், அப்பா. எனக்காக."

மகனுக்காக அப்பா வாயைத் திறந்தார். சூப் புரையேறிவிட்டது. இருமலான இருமல்! முகம் கறுத்து, கண் செருகி, போர்வையெல்லாம் சூப். மனைவி ஓடிவந்து நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவினாள். இருமல் அடங்கியதும் மகன் ஸ்பூனைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டான். என் கையாலேயே கொன்றிருப்பேனே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் நர்ஸ் வந்தார். அப்பாவைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்து, மகனைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"பசி குறையறது இந்த நோயோட வேலைங்க, உங்க தப்பில்லை. திணிச்சா அவருக்குத்தான் அவஸ்தை. நிமிர்ந்து உட்கார வைங்க, பிடிச்சதைக் கொஞ்சமாக் கொடுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க."

"விட்டுட்டா அப்பா போயிடுவாரே, சிஸ்டர்!"

 நர்ஸ் மசியல் இருந்த சின்னத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகன் கதவில் காதை வைத்தான். அப்பா என்னவோ கிசுகிசுத்தார். நர்ஸ் என்னவோ கேட்டார். அப்புறம் சிரிப்பு. அப்பாதான் சிரித்தார்! எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! ஸ்பூன் தட்டில் உரசும் சத்தமும் கேட்டது.

கதவு திறந்தது. தட்டு வழித்துத் துடைத்ததுபோல வந்தது. மகன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடித் தராசில் வைத்தான். வெறும் தட்டின் எடைதான் காட்டியது.

"காலி! சிஸ்டர், என்ன மாயம் பண்ணீங்க?"

நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே மேசையைக் காட்டினார். மத்தியானம் மனைவி பரிமாறிய அவனுடைய தட்டு, மூடியது மூடியபடி அங்கேயே இருந்தது.

"முதல்ல உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்க, நீங்க சாப்பிடுவீங்கன்னு வாக்குக் கொடுத்துத்தான் அவரைச் சாப்பிட வெச்சேன், தான் மீதி வெக்கலைன்னா புள்ளை பட்டினி கிடப்பான்னு, இவ்வளவு நாளும் பாதியோட நிறுத்திக்கிட்டாராம்."