பப்படம் அங்கிள் மாற்றிய முடிவு

சிட்னி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பப்படம் அங்கிளைப்போல ஓர் அலட்டல் மன்னன் அகப்படமாட்டார். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்லுவேன்.

எழுபதுகளின் நடுவில் நார்த்மீட்டில் இரண்டறை வீடொன்றில் நானும் அவரும் குடியிருந்தோம். அவர் சிந்திக்காரர். கொழும்பில் புடவைக்கடையொன்றில் பத்து வருடம் சீலை அளந்தவர். தமிழ் தண்ணீர்ப்பட்ட பாடு. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் சுட்ட பப்படமும் ஒரு கிளாஸ் தண்ணியும் வைப்பது சிந்திக்காரர்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் இந்த மனுசன் மீட்டர் பார்க்க வந்தவனையும் விடமாட்டார். கதிரையில் இருத்தி, பப்படத்தைக் கையில் திணித்து, சிந்து தேசத்துக் கதையைத் தொடங்கிவிடுவார்.

அவருக்குப் பிடித்த கதை ஒன்று. காதலனைப் பார்க்க மண்பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தி ஆற்றை நீந்திக் கடப்பாள். ஒருநாள் மச்சாள்காரி சுடாத பானையை மாற்றி வைத்துவிடுவாள். நடு ஆற்றில் பானை கரையும். கேட்பவன் பப்படத்தைக் கடிக்காமல் வாயைப் பிளந்துகொண்டு இருப்பான். "பிறகென்ன, கரையேறிட்டா!" என்பார் அங்கிள். எப்படி என்று கேட்டால் ஒருநாள் மீன் தூக்கிவிட்டது என்பார். இன்னொருநாள் முழங்கால் அளவு தண்ணிதான் என்பார்.

அவருடைய மனுசி பம்பாயில் இருந்தா. நாடு பிரிந்தபோது கராச்சியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவ. இன்னொருமுறை கடல் தாண்ட மாட்டேன் என்று ஒரே பிடி. மூன்று வருடமாக இவர் வா வா என்று கெஞ்சி எழுதிக்கொண்டிருந்தார். கடிதம் வராத கிழமைகளில் மனுசன் சாப்பிடவும் மாட்டார்.

"இந்தமுறை அந்த ஆத்துக் கதையை எழுதிப் போட்டிருக்கிறன், தம்பி. படிச்சதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவா, பார்!"

பதில் வந்தது. வாசித்துவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"என்னவாம், அங்கிள்?"

"'அவள் மூழ்கிச் செத்தவள் எண்டு எங்கட சின்னப்பிள்ளையளுக்கும் தெரியும். நான் வரேல்லை' எண்டு எழுதியிருக்கிறா."

நான் வயிறு நோகச் சிரித்தேன். கடலுக்குப் பயந்த மனுசிக்கு, ஆற்றில் போனவளின் கதையையா அழைப்பிதழாக அனுப்புவது?

"சிரி, நல்லாச் சிரி. அவ இனி வரமாட்டா" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அங்கிள், உங்கட கதையளில எப்பவும் பொம்பிளைதான் நீந்துறா, பொம்பிளைதான் காதலனைத் தேடிப் பாலைவனத்தில நடக்கிறா. ஆம்பிளையளுக்குக் கால் இல்லையோ?"

"கதை அப்பிடித்தானே, தம்பி."

"எத்தனை முடிவை மாத்தினனீங்கள்! இதையும் மாத்துங்கோ. நீங்கள் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அங்கிள் திங்கட்கிழமையே டிக்கெட் எடுக்கப் போனார்.

ஏழு கிழமை கழித்து விமான நிலையத்தில் இரண்டு பேரும் வந்திறங்கினார்கள். அவ அவருடைய கையை இறுக்கிப் பிடித்தபடி, சிந்தியில் மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டே வந்தா. அங்கிள் தலையாட்டிக்கொண்டே வந்தார். அப்படியொரு சந்தோசத்தை நான் அந்த முகத்தில் பார்த்ததேயில்லை.

மறுநாளே பெட்டியைக் கட்டி, பரமட்டாவில் ஓர் அறைக்குப் போய்விட்டேன். "ஏன்டா போறாய்?" என்று அங்கிள் வாசலை மறித்துப் பார்த்தார். அந்த யோசனையைச் சொன்ன அன்றே அந்த வீடு இனி எனக்கில்லை என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்த மனுசனில் எனக்கு அவ்வளவு பட்சம்.