ஏழு குதிரையும் இருபத்தெட்டுக் குதிரையும்

பிரிக்பீல்ட்ஸ்,
14-5-1934

கிள்ளானில் காலில் கட்டுடன் படுத்திருக்கும் மச்சான் அம்புரோஸ் அவர்களுக்கு, தங்கை புருஷன் கிரிகரி தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர.

மகள் டொரத்தி கல்யாணத்தன்று நடந்ததை உங்கள் டிரைவர் ரெங்கசாமி ஒரு மாதிரியாகச் சொல்லியிருப்பார். உண்மை அதைவிட மோசம் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போக உங்கள் பெரிய காரை அனுப்புவதாகச் சொன்னீர்கள். நான்தான், "என் மகள் அப்பன் காரில்தான் போவாள்" என்று மார் தட்டினேன். உங்கள் கார் இருபத்தெட்டுக் குதிரை சக்தி, என்னுடையது ஏழு. ஒரு பெண்ணை இழுக்க ஏழு குதிரை போதாதா என்று ரயில்வே ஆபீஸ் முழுக்கக் கேட்டுத் திரிந்தேன். நீங்களும் பெருந்தன்மையாகக் காரை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

சனிக்கிழமை காலை பின் சீட்டில் உங்கள் தங்கை உர்சுலா உட்கார்ந்ததும் சீட்டே தெரியவில்லை. ஆகையால் பெண்ணை என் பக்கத்தில் உட்காரவைத்து, முக்காட்டைச் சுருட்டி மடியில் கொடுத்தேன். வண்டி முனகியது, புகைந்தது, கோயில் மேட்டில் பாதியிலேயே நின்றுவிட்டது. "எங்கண்ணன் காரை வேணாம்னு சொன்ன வாய்தானே இது? இறங்கித் தள்ளுங்க!" என்றாள் உங்கள் தங்கை. டொரத்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, கோட்டும் டையுமாக நான் தள்ளினேன். உர்சுலாவும் தள்ளினாள். ஒரு அடி நகரவில்லை. அந்த வழியாக வந்த மாட்டுவண்டி நாகையா, "ஏழு குதிரை பத்தலன்னா நம்ம மாடு ரெண்டையும் கட்டிப் பாருங்க, அண்ணே" என்றார். தெருவே சிரித்தது.

அதற்குள் உங்கள் கார் சம்பந்தி வீட்டார் பதினோரு பேரைக் கோயிலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. "ஏறுங்க சார், பாதர் காத்துக்கிட்டிருக்கார்" என்றார் ரெங்கசாமி. ஏறினேன். அந்த மேட்டை மேடு என்றே மதிக்காமல் ஏறிற்று உங்கள் வண்டி. டொரத்தி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று அங்கேயே காரை விற்க முடிவு செய்தேன்.

ஆகையால் மச்சான், கிள்ளானில் ஒரு ஆளைப் பார்த்து என் காரைத் தள்ளிவிடுங்கள். கோழி அடைக்கக் கேட்பவராக இருந்தாலும் சரி. உங்கள் கால் சீக்கிரம் குணமாக மாதாவை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கிரிகரி

பின்குறிப்பு, 16-5-1934: மேலே கண்டதெல்லாம் ரத்து. இதைத் தபாலில் போடப் போகும்போது டொரத்தியிடமிருந்து கடிதம் வந்தது. அவள் எழுதியிருப்பது: "அப்பா, காரை வித்துடாதீங்க, அது மேல தப்பே இல்ல. நீங்க கைப்பிரேக்கை எடுக்கவே இல்ல. ஸ்டியரிங் பிடிச்சப்பதான் நான் பார்த்தேன். எடுத்துவிட்டா ரெண்டு நிமிஷத்துல கோயில் வந்துடும், அப்புறம் நான் வேற வீட்டுப் பொண்ணு. அதான் சொல்லல. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

கார் விற்பனைக்கு இல்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். காரை விற்கிற துக்கம் என்று நினைத்து உர்சுலா காப்பி கொண்டுவந்து கொடுக்கிறாள்.